தமிழகப் பெண் ஆளுமைகள் மாதக் காலண்டர்: முன்பக்கமும் பின்பக்கமும்

தமிழக வரலாற்றில் பெயர் பெற்ற பன்னிரண்டு பெண்களை மாதத்திற்கு ஒருவராகக் கொண்ட காலண்டர் ஒன்றைச் சென்ற டிசம்பரில் இணையவழியில் வாங்கினேன். ஒரு படி மயிலாடுதுறையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்திற்கு. இன்னொன்று நான் வரலாறு கற்பிக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புச் சுவருக்கு. ஒரு படியின் விலை 350 ரூபாய், அஞ்சல் செலவு தனி. இப்போது பதினோராவது தாளும் திரும்பிவிட்ட நிலையில், அடுத்த ஆண்டுக்கான முன்பதிவு தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்திருப்பதால், ஓராண்டு கண்ணெதிரே தொங்கவிட்டுப் பழகிய பின் தோன்றியவற்றை எழுதுகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் வெளியிட்டவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த வகைக் காலண்டர்கள் இப்போது பல வருகின்றன. எதை வாங்குபவருக்கும் இது பயன்படக்கூடும்.

தாள் நல்ல கனமானது. மேல்விளிம்பில் கம்பிச் சுருள் போட்டு, நடுவில் ஆணியில் மாட்ட வளையம் வைத்திருக்கிறார்கள். அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்பியதால் முதல் இரண்டு வாரம் அடிப்பக்கம் சுருண்டு சுருண்டு மேலே எழும்பியது. கீழே இரண்டு துணி கிளிப்புகளைப் போட்டுச் சரிசெய்தோம். பள்ளிக்கு வாங்கிய படியில் வளையம் ஜனவரியிலேயே கழன்றுவிட்டது. எழுதிக் கேட்டதும் மாற்றுப் படியை அனுப்பினார்கள், பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையால் எனக்கு இன்னொரு நன்மை கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் மேற்பாதியில் படம், கீழ்ப்பாதியில் தேதிக் கட்டங்கள். அந்தப் பெண்ணைப் பற்றிய குறிப்பு முழுவதும் தாளின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. சுவரில் தொங்கும் பொருளின் பின்பக்கத்தை யார் படிப்பார்கள் என்று வடிவமைத்தவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை போலும். முன்பக்கத்தில் காணக் கிடைப்பது ஒரு பெயரும், அதற்கு முன்னால் ‘வீரமங்கை’ என்றோ ‘அன்னை’ என்றோ ஓர் அடைமொழியும் மட்டுமே. பின்பக்கக் குறிப்புகளோ பெரும்பாலும் கவனமாக எழுதப்பட்டவை. சில இடங்களில் பாடநூலைவிடத் தெளிவானவை. உழைத்து எழுதிய அந்த எழுத்து ஆண்டு முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. வளையம் கழன்ற பழைய படி வீணாகாமல் போனது இதனால்தான். அதன் தாள்களைப் பிரித்து, அந்தந்த மாதத்தின் பின்பக்கத்தைக் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தேன். மாணவிகள் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

என் கணக்கில் இந்தக் காலண்டரின் முழு விலைக்கும் ஏப்ரல் தாள் ஒன்றே போதும். அது சோழ அரசி செம்பியன் மாதேவியாருக்கு உரியது. இவரைப் போடுபவர்கள் வழக்கமாக, அமெரிக்காவின் வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள செப்புத் திருமேனியின் படத்தையே எடுத்துப் போடுவார்கள். அது அவருடைய உருவம்தானா, பார்வதியின் உருவமா என்று அறிஞர்களிடையே நெடுநாளாக வாதம் இருக்கிறது. இவர்கள் அந்த வழியில் போகாமல், எங்கள் ஊருக்கு அருகே உள்ள கோனேரிராஜபுரம் கோயிலுக்கே வந்து, தென்சுவரில் உள்ள சிற்பத்தையும் அதன் கீழுள்ள கல்வெட்டையும் படமெடுத்திருக்கிறார்கள். அச்சிற்பத்தில் இலிங்கத்தை வணங்கிக்கொண்டிருப்பவர் அவருடைய கணவர் கண்டராதித்தர். கணவரின் பெயரால் மாதேவியார் இக்கற்றளியை, அதாவது கற்கோயிலை, எடுப்பித்த செய்தியைத்தான் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே பெண்ணைப் போற்றும் தாளில் அந்தப் பெண்ணின் முகமே இல்லை, எழுத்து இருக்கிறது. எழுத்து வரிகளைப் பெரிதாக்கி, சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வொரு உளிவெட்டும் நிழலோடு தெரியும்படி எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் கைம்பெண்ணான பின் பல்லாண்டுகள் வாழ்ந்து, செங்கல் தளிகளை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக மாற்றிய ஒருவரைக் காட்ட இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை.

பின்பக்கக் குறிப்பில் திருக்கோடிகாவல் பற்றிய செய்தியையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். அக்கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த முந்தைய கொடைகளின் கல்வெட்டுகள் அழிந்துபோகாதபடி அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார்கள். தமக்கு முன் கொடுத்தவர்களின் பெயரையும் காப்பாற்றிவிட்டுத்தான் தம் திருப்பணியைச் செய்தார் என்பதை வகுப்பில் சொன்னபோது, கல்வெட்டுப் பாடம் என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏப்ரலில் இவ்வளவு நுட்பமாக நடந்துகொண்டவர்கள் ஜூனில் எப்படித் தவறினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தையொட்டி ஜூன் தாளைக் காரைக்கால் அம்மையாருக்கு ஒதுக்கியது சரி. ஆனால் படத்தில் இருப்பவர் பட்டுப் புடவை உடுத்தி, நெற்றிச் சுட்டி அணிந்து, கையில் மாம்பழத் தட்டுடன் புன்னகை பூக்கும் ஓர் இளம்பெண். வகுப்பில் தாள் திரும்பிய அன்றே ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இவங்க பேய் உருவம் கேட்டு வாங்கினாங்கன்னு பின்னாடி போட்டிருக்கு. முன்னாடி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்காங்களே?”

அந்தக் கேள்விக்கு மேல் விமர்சனம் தேவையில்லை. கணவன் விலகிய பின், இந்த அழகு இனி யாருக்கு என்று உடம்பின் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் என்பதுதான் பெரியபுராணம் நமக்குச் சொல்லும் அம்மையார். தம் பாடல்களிலேயே தம்மைக் ‘காரைக்காற்பேய்’ என்று அழைத்துக்கொண்டவர் அவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் எலும்பு துருத்திய உடம்போடு அமர்ந்திருக்கும் அம்மையாரைச் சோழர் காலச் சிற்பி தயங்காமல் செதுக்கியிருக்கிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கல்லில் வடிக்கத் துணிந்ததை இன்று தாளில் அச்சிட அஞ்சுகிறோம். சுவரில் மாட்டும் பொருள் பார்க்க மங்களகரமாக இருக்க வேண்டும் என்று விற்பனை தெரிந்த யாரோ சொல்லியிருக்கக்கூடும்.

இதே அழகுபடுத்தும் ஆசை ஜனவரி, பிப்ரவரி, அக்டோபர் தாள்களையும் கெடுத்திருக்கிறது. ஜனவரி 3 வேலுநாச்சியாரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவதால் ஆண்டு அவரோடு தொடங்குகிறது. அவர் காலத்தில் வரைந்த உருவப்படம் எதுவும் நம்மிடம் இல்லாதபோது ஓவியர் கற்பனை செய்வதில் தவறில்லை. ஆனால் 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்கும் வரை எட்டு ஆண்டுகள் காத்திருந்து படை திரட்டியவரின் முகத்தில், அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது தெரிய வேண்டாமா? இங்கே பாயும் குதிரையும் ஓங்கிய வாளும் இருக்கின்றன. முகமோ விளம்பரத்தில் நகை அணிந்து நிற்கும் முகம். அக்டோபர் தாளில், வேலுநாச்சியாரின் படையில் இருந்து, தம் உடலில் தீயிட்டு ஆங்கிலேயரின் ஆயுதக் கிடங்கை அழித்ததாகச் சொல்லப்படும் குயிலி தீப்பிழம்பாக நிற்கிறார். அவருடைய கதை சிவகங்கைச் சீமையின் வாய்மொழி மரபில் வாழ்ந்து வந்த கதை. மக்கள் மறக்காமல் வைத்திருந்தார்கள் என்பதே அதற்குப் பெருமைதான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். கோனேரிராஜபுரத்துக் கல்வெட்டையும் குயிலியின் கதையையும் ஒரே வகைச் சான்றுபோல எழுதியிருப்பதை வரலாற்று ஆசிரியையாக என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரியில், காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க அறப்போராட்டத்தில் பங்கேற்ற தில்லையாடி வள்ளியம்மை. அவர் பிறந்ததும் மறைந்ததும் பிப்ரவரி 22தான் என்பதால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டு, உள்ளே 1898, 1914 என்று இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதியிருந்தார்கள். பதினாறு வயது என்பதைச் சொல்லாமலே சொன்ன அந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மேலே உள்ள படத்தில் அவருக்குப் பின்னணியாகத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை வரைந்து வைத்திருக்கிறார்கள். வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். சிறை சென்றதும் நோயுற்றதும் உயிர் துறந்ததும் தென்னாப்பிரிக்காவில். தில்லையாடி அவருடைய தாய்வழி ஊர். 1915இல் காந்தியடிகள் அந்த ஊருக்கு வந்ததும், இன்று அங்கே நினைவு மண்டபம் இருப்பதும் பின்பக்கத்தில் சரியாகவே இருக்கின்றன. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்றே முடிவு செய்தேன்.

இனி, நான் அதிகம் யோசித்த மே, ஜூலை, நவம்பர் தாள்களுக்கு வருகிறேன். மே மாதத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஜூலையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நவம்பரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். மூன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல தாள்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் நகைகளையும் பொருளையும் கொடுத்துக் கோயில் எழுப்பியவரும், அதன் முன் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாடச் செய்தவருமான நாகரத்தினம்மாளுக்கு, மேடைக் கச்சேரிப் படத்தைப் போடாமல், அந்தச் சமாதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கும் அவருடைய சிலையைப் போட்டிருக்கிறார்கள். தஞ்சை மராத்தியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் மீண்டும் பதிப்பித்து, ஆபாசம் என்ற பழியையும் அரசின் தடையையும் அவர் எதிர்கொண்டதைக் குறிப்பு மறைக்கவில்லை.

ஜூலைத் தாளில் 30ஆம் தேதிக் கட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. படம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம். யாரும் மெருகேற்றவில்லை என்பதே நிம்மதி. ஆனால் பின்பக்கக் குறிப்பில் ‘முதல்’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன்: பதினொரு வரிகளில் ஆறு முறை வருகிறது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்த முதல் பெண், சட்டமன்றத்தின் முதல் பெண் துணைத் தலைவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார் என்பது செய்தி. போய்ச் சேர்ந்து என்ன செய்தார் என்பதல்லவா வரலாறு? தேவதாசி முறையை ஒழிக்க 1930இல் அவர் கொண்டுவந்த மசோதா, 1947இல்தான் சட்டமானது. அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அவ்வை இல்லத்துக்கும் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே வரி.

அந்தப் பதினேழு ஆண்டுகளை விட்டதனால்தான் இந்த மூன்று தாள்களுக்கும் இடையே இருக்கும் உறவும் விடுபட்டுப்போனது. நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அம்மரபினர். இராமாமிர்தம் அம்மையார் சிறுமியாக இருந்தபோதே தேவதாசிக் குடும்பம் ஒன்றில் விடப்பட்டு, பாட்டும் நாட்டியமும் பயின்று, அவ்வாழ்வை ஏற்காமல் தம் இசை ஆசிரியரை மணந்துகொண்டவர். ஒரே மரபோடு தொடர்புடைய இந்த மூவரும் அந்த ஒரு மசோதாவைப் பற்றி ஒரே பக்கம் நிற்கவில்லை. முத்துலட்சுமி அதைச் சட்டமன்றத்தில் முன்வைத்தார். இராமாமிர்தம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1936இல் அதை நாவலாகவும் எழுதினார். நாகரத்தினம்மாளோ தேவதாசிகள் சங்கத்தின் சார்பில் எதிர்த்தவர்களில் ஒருவர். கலையும் சொத்துரிமையும் உடைய பெண்களை ஒட்டுமொத்தமாக இழிந்தவர்களாகச் சித்தரிப்பதை அவர்கள் மறுத்தார்கள். மூவரையும் ஒரே காலண்டரில் சில மாத இடைவெளியில் மாட்டிவிட்டு, மூவருக்கும் ஒரே மாதிரியான பாராட்டு வாசகத்தை எழுதினால், பெண்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆண் தலைவர்களின் கருத்து வேறுபாடுகளைப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறோம். பெண்கள் என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாரையும் ஒரே குத்துவிளக்கின் முன் நிறுத்திவிடுகிறோம். பிரித்தெடுத்த அந்த மூன்று தாள்களையும் நான் வகுப்பில் அருகருகே ஒட்டி, மசோதாவை ஆதரித்தும் எதிர்த்தும் பிள்ளைகளைப் பேச வைத்தேன். எதிர்த்துப் பேசிய அணியே நன்றாகப் பேசியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் தாளைப் பற்றி இன்னொன்று. மூவலூர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். சைக்கிளில் போய் வந்துவிடலாம். அந்த ஊர் பெயரைச் சுமந்தவர் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தவர். அவர் படத்துக்கு நேர் கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை, சுபமுகூர்த்த நாள்கள், கரிநாள்கள் எல்லாம் வழக்கம்போல் அச்சாகியிருக்கின்றன. காலண்டர் என்றால் இவை இல்லாமல் விற்காது என்பது எனக்குத் தெரியும்; என் மாமியார் ஜனவரி முதல் இதை எட்டிப் பார்த்ததே அந்தப் பட்டியலுக்காகத்தான். எனினும் அம்மையார் இருந்து பார்த்திருந்தால் அந்த அட்டவணையைத் தம் கையாலேயே கிழித்திருப்பார் என்று நினைத்து ஒவ்வொரு காலையும் சிரித்துக்கொள்கிறேன்.

மற்ற தாள்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மார்ச்சில் ராணி மங்கம்மாள்: 1689 முதல் பேரனுக்காக மதுரையை ஆண்டவர், சாலையும் சத்திரமும் அமைத்தவர் என்ற அறிந்த செய்திகள். ஆகஸ்டில் சகோதரி சுப்பலட்சுமி: குழந்தைக் கைம்பெண்ணாகி, 1911இல் பட்டம் பெற்று, மெரினா கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தம்மைப் போன்ற சிறுமிகளுக்கு விடுதி நடத்தியவர். கட்டடத்தின் பழைய படம் அழகாக வந்திருக்கிறது. செப்டம்பரில் கடலூர் அஞ்சலை அம்மாள். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927இல் நடந்த போராட்டத்தில் தம் சின்னஞ்சிறு மகளோடு சிறை சென்ற செய்தி ஒன்றே பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தது. டிசம்பரில் வை.மு. கோதைநாயகி வரவிருக்கிறார். எழுதப் பழகாத காலத்தில் தோழியிடம் சொல்லி எழுத வைத்துத் தொடங்கியவர், பின்னாளில் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்களைப் படைத்தார் என்பதை எட்டிப் பார்த்துவிட்டேன்.

இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு இடங்கள்தான் என்பதால் யாரோ விடுபடுவது இயல்பே. ஆனால் நவம்பர் தாளில் 13ஆம் தேதியை, 1938இல் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டின் நாளாகக் குறித்தவர்கள், அம்மாநாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் மீனாம்பாள் சிவராஜை எங்குமே குறிப்பிடவில்லை. ரங்கூனில் பிறந்து, சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த அவருக்கு ஒரு கட்டத்திலாவது இடம் கொடுத்திருக்கலாம். அட்டையில் தங்க நிற எழுத்தில் ‘தாய்மார்கள்’ என்று போட்டிருப்பதும் உறுத்துகிறது. பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மை யாருக்குத் தாய்?

இவ்வளவு சொன்ன பிறகும் அடுத்த ஆண்டுக்கு இரண்டு படிகளுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல், மே தாள்களைச் செய்தவர்களால் மற்றவற்றையும் அப்படிச் செய்ய முடியும் என்பது ஒரு காரணம்; 350 ரூபாய்க்கு இந்தத் தரத் தாளில் இவ்வளவு செய்தி வேறெங்கும் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. குறிப்பை முன்பக்கத்துக்குக் கொண்டுவரும்படியும், தேதி எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கும்படியும், மூன்று தாள்களின் பிணக்கைப் பற்றியும் விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பிணக்கைப் பற்றிப் பதில் இல்லை. வாங்குபவர்கள் வந்ததும் குழாயிலிருந்து எடுத்து, இரண்டு நாள் கனமான புத்தகங்களின் கீழ் வைத்துவிட்டு மாட்டுங்கள். வளையத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பள்ளிக்கு என்றால் இரண்டு படிகளாக வாங்கி, ஒன்றைப் பிரித்துவிடுங்கள்.